ஆள் பிடிக்காம வேல கிடைக்காதா? களுவாஞ்சிக்குடி தங்கச்சிக்கு என்ர பதில்

வந்த கடிதம் நீளம், அதால சுருக்கித் தாறன்:

"அக்கா, எனக்கு 27 வயசு, களுவாஞ்சிக்குடி பக்கம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துல கொமர்ஸ் டிகிரி முடிச்சு ரெண்டு வருசமாச்சு. அதுக்குப் பிறகு எச்ஆர் டிப்ளோமா ஒண்டு, கொம்பியூட்டர் டிப்ளோமா ஒண்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ் ஒண்டு செஞ்சிட்டன். இணையத்துல, பேஸ்புக்ல மட்டக்களப்பு எண்டு வாற எல்லா வேலைக்கும் சீவி அனுப்புறன், சில நாளைக்குப் பத்துப் பதினஞ்சு கூட அனுப்பியிருக்கன். ரெண்டே ரெண்டு இன்டர்வியூதான் வந்தது, ரெண்டுலயும் அனுபவம் இல்லயெண்டு சொல்லிட்டாங்க. சும்மா இருக்கக் கூடாதெண்டு மாமாட உரக்கடையில கணக்குப் பாக்கிறன், அத ஒரு வேலையெண்டு சொல்லேலாதுதானே. அரசாங்க வேல வரும், பொறுமையா இரு எண்டு அம்மா சொல்றா. செல்வாக்குள்ள ஆள் பிடிக்காம இஞ்ச ஒண்டும் நடக்காதெண்டு ஊரே சொல்லுது, எனக்கு அப்பிடி ஆளும் இல்ல. இப்ப ஒராள் மூண்டு லட்சம் தந்தா ஒரு திணைக்களத்துல போட்டுத்தாறன் எண்டு வந்து நிக்கிறார், அம்மா நகைய அடகு வைக்கப் பாக்கிறா. நான் என்ன பிழ விடுறன்?"

தங்கச்சி, நீங்க கடைசியா எழுதின விசயத்துக்கு முதல்ல வாறன், ஏனெண்டா அதுக்குத்தான் அவசரம். அந்த மூண்டு லட்சத்தக் குடுக்காதீங்க, அம்மாட நகைய வெளியில எடுக்க விடாதீங்க. அரசாங்கத்துல நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறதெண்டா வர்த்தமானியில, அதாவது அரசாங்கத்துட அறிவித்தல் பத்திரிகையில, வரவேணும், இல்லாட்டி அந்தத் திணைக்களமோ மாகாணமோ வெளிப்படையா அறிவித்தல் போடவேணும், விண்ணப்பம் இருக்கும், பரீட்சை இருக்கும் இல்லாட்டி நேர்முகம் இருக்கும், புள்ளி இருக்கும். இந்த ஒண்டும் இல்லாம ஒராள் வீட்டுக் கதிரையில வந்து குந்திக்கொண்டு "நான் போட்டுத்தாறன்" எண்டா அவர்ட கையில வேல இல்ல. இப்பிடிக் காசக் குடுத்திட்டு என்னட்ட வந்து அழுத குடும்பங்கள் இருக்கு, எல்லாருக்கும் நடந்தது ஒரே மாதிரித்தான்: முதல்ல பாதிக் காசு, மறுகா சீல் அடிச்ச ஒரு கடிதம், மறுகா பைல் கொழும்புல நிக்குது எண்ட கத, மறுகா இன்னும் ஒரு அம்பதாயிரம், கடைசியா போன் ஓப். அவர் உண்மையாவே உள்ளுக்க ஆள் வெச்சிருக்கிறவர் எண்டா அது லஞ்சம், குடுக்கிற நீங்களும் குத்தவாளி. இல்லயெண்டா அது மோசடி. எப்பிடிப் பாத்தாலும் காசு போகும். ஏற்கனவே கொஞ்சம் குடுத்திருந்தா வட்ஸ்அப் மெசேஜ், வங்கிச் சிட்டு ஒண்டையும் அழிக்காம வெச்சுக்கொண்டு பொலிசுக்குப் போங்க, லஞ்ச ஊழல் ஆணைக்குழுட நம்பர் 1954, அதுக்கும் எடுக்கலாம்.

அம்மாவோட சண்ட பிடிக்காதீங்க. அவ சொல்றது அறியாமையில சொல்றதில்ல, அவ கண்டதச் சொல்றா. 2017ல மட்டக்களப்பு காந்தி பூங்காவில பட்டதாரிப் பிள்ளைகள் மாசக்கணக்கா சத்தியாக்கிரகம் இருந்தத அவவும் பாத்திருப்பா, 2020ல நாடு முழுக்க 50 ஆயிரம் அளவில பட்டதாரிகளுக்கு ஒரேயடியா நியமனக் கடிதம் குடுத்ததையும் பாத்திருப்பா. பக்கத்து வீட்டுப் பிள்ள நாலஞ்சு வருசம் இருந்து அபிவிருத்தி உத்தியோகத்தரா டிஎஸ் ஒபிசுக்கு, அதாவது பிரதேச செயலகத்துக்குப் போனத கண்ணால கண்ட ஒரு தாய், பொறுத்தா கிடைக்கும் எண்டுதான் சொல்லுவா. ஆனா 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் ஆள் எடுக்கிறதயே இறுக்கிப் பிடிச்சிட்டு, அப்பிடி மொத்தமா ஒரு கதவு திறக்கும் எண்டு நம்பி உங்கட 27, 28, 29 வயசக் கழிக்கிறதுதான் எனக்குப் பயம். அரசாங்க வேல கேக்கவேணாம் எண்டு நான் சொல்லல்ல, வர்த்தமானி வெள்ளிக்கிழமையில வரும், பாருங்க, வயசெல்லை 35 எண்டு போடுற பதவிகள் கனக்க இருக்கு, உங்களுக்குக் காலம் இருக்கு, பரீட்சை அறிவிச்சா நேர அட்டவணை போட்டுப் படியுங்க. படிச்சுக்கொண்டே வேலைக்கும் போகலாம். வேலைக்குப் போய்க்கொண்டே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணின பிள்ளைகள் என்ர கண்ணுக்கு முன்னால இருக்காங்க.

இனி உங்கட கேள்வி. நீங்க பிழ விடுறதெண்டு நான் சொல்லமாட்டன், எல்லாரும் சொல்லித்தந்த மாதிரித்தான் தேடுறீங்க, சொல்லித்தந்த முறதான் பிழ. நான் கடன் குடுக்கிற ஒரு கம்பனியில, கிழக்கு மாகாணத்துல இருக்கிற கிளைகளுக்கு ஆள் எடுக்கிற வேலையில கன வருசம் இருக்கிறவ, வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும் கிளார்க், கெஷியர், கிரெடிட் ஒபிசர் எண்டு எடுத்திருக்கன், அதால இந்தப் பக்கத்துல என்ன நடக்குதெண்டு கொஞ்சம் சொல்றன், அதத் தெரிஞ்சா நீங்களே உங்கட தேடலத் திருத்திருவீங்க.

கல்முனைக் கிளையில ஒரு பிள்ள கலியாணம் முடிச்சு விலகுது எண்டு வைங்க. கிளை மெனேஜர் முதல்ல என்ன செய்வார்? விளம்பரம் போடமாட்டார். தன்ர ஸ்டாபக் கூப்பிட்டு "கணக்குத் தெரிஞ்ச நல்ல பிள்ள ஆரும் இருக்கா" எண்டு கேப்பார். அதுல ரெண்டு மூண்டு பேர் வந்தா அதோட முடிஞ்சிரும். வரல்லயெண்டா ஏற்கனவே வந்து கிடக்கிற சீவிகளப் பாப்பார். அதுவும் சரிவரல்ல எண்டாத்தான் எங்களுக்குச் சொல்லி நாங்க இணையத்துல போடுவம். நீங்க பாக்கிற விளம்பரம் இந்தக் கடைசிப் படியில வந்தது. போட்ட அண்டைக்கே பருத்தித்துறையில இருந்து ஹம்பாந்தோட்டை வரைக்கும் நூத்துக்கணக்கில சீவி வந்து விழும். அதுக்குள்ள உங்கட சீவியும் ஒண்டு.

அந்த மெயில்கள நான் எப்பிடித் திறக்கிறனெண்டும் சொல்றன். சப்ஜெக்ட் இல்லாம, உள்ளுக்க ஒரு வரி இல்லாம, ஒரு பைல் மட்டும் தொங்கும். சிலதுல கவர் லெட்டர் இருக்கும், ஆனா அதுல எங்கட கம்பனிட பேருக்குப் பதிலா வேற கம்பனிட பேர் இருக்கும், முதல் நாள் அவங்களுக்கு அனுப்பினது. திறந்தா முதல் பக்கம் முழுக்க பேர், அப்பாட பேர், அடையாள அட்டை நம்பர், சமயம், ஓஎல் ரிசல்ட் ஒம்பது பாடமும் பெட்டி போட்டு. ரெண்டாம் பக்கத்துல ஏஎல். மூண்டாம் பக்கத்துல டீம் வேர்க், ஹார்ட் வேர்க்கிங், குட் கொமியூனிகேசன். இத நூறு பேரும் எழுதியிருக்காங்க தங்கச்சி, ஒரே சொல்லுகள், ஒரே வரிசை. இந்தப் பிள்ள என்ன வேல செய்யும் எண்டு எனக்குத் தெரியவேணும், அது மட்டும் எங்கயும் இருக்காது. பத்து பதினஞ்சு இடத்துக்கு ஒரே நாளையில அனுப்புற சீவி இப்பிடித்தான் இருக்கும், வேற மாதிரி இருக்கவே ஏலாது, ஏனெண்டா ஒவ்வொரு இடத்தையும் பத்து நிமிசம் யோசிக்கக்கூட உங்களுக்கு நேரம் இல்ல. கனக்க அனுப்பினா ஒண்டாவது படும் எண்டு நினைக்கிறது விளங்குது, அனுப்பி முடிஞ்ச நாளையில ஏதோ செஞ்சிட்டம் எண்டு ஒரு நிம்மதியும் வரும். அந்த நிம்மதிதான் ரெண்டு வருசத்த விழுங்கிட்டு.

ஒரு கிழமைக்கு மூண்டு நாலுக்கு மேல அனுப்பாதீங்க. அனுப்புறத்துக்கு முதல் விளம்பரத்த அச்செடுத்து அவங்க கேட்டிருக்கிற வேலைகள ஒவ்வொண்டா கோடு போட்டுப் பாருங்க, ஒவ்வொரு கோட்டுக்கும் "நான் இதப்போல என்ன செஞ்சிருக்கன்" எண்டு ஒரு வரி. அஞ்சு கேட்டு உங்களிட்ட மூண்டு இருந்தாலும் போடுங்க, விளம்பரத்துல நாங்க எழுதுறது எங்கட ஆச, முழுசாப் பொருந்துற ஆள் வாறது குறைவு. எங்கட பிள்ளைகள் ஒண்டு குறைஞ்சாலே தங்களுக்கு இல்லயெண்டு விட்டிர்ராங்க, முக்கியமா பொம்பிளப் பிள்ளைகள்.

இப்ப உரக்கடை. இதத்தான் கன நேரம் கதைக்கவேணும் எண்டு உங்கட கடிதத்த வாசிக்கக்க நினைச்சன். "அத ஒரு வேலையெண்டு சொல்லேலாதுதானே" எண்டு எழுதியிருக்கிறீங்க. ஏன் சொல்லேலாது? உரக்கடையில என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும், எங்கட கிரெடிட் ஒபிசர்மாரே அதுகளுக்குள்ளதான் சுத்துறாங்க. பெரும்போகத்துக்கு விதைக்கக்க உரமும் மருந்தும் கடனுக்குப் போகும், மாசி பங்குனியில வெள்ளாம வெட்டி நெல்லு வித்தாப் பிறகுதான் காசு வரும், நடுவில மழ கூடி வயல் தண்ணிக்குள்ள மூழ்கினா கடன் அடுத்த போகத்துக்குத் தள்ளும். ஆருக்கு எவ்வளவு குடுக்கலாம், ஆர் சொன்ன நாளைக்குத் தருவார், ஆரிட்ட ரெண்டு தரம் போகவேணும், கம்பனிக்காரனுக்குக் குடுத்த செக் எந்தத் திகதியில பணமாகும், அண்டைக்கு எக்கவுண்டில காசு இருக்கா, இந்த எல்லாத்தையும் நீங்கதானே பாக்கிறீங்க. இத ஒரு பைனான்ஸ் கம்பனி சம்பளம் குடுத்து ஆறு மாசம் பழக்கும். உங்களுக்கு அது கையில இருக்கு, சீவியில இல்ல. ரெண்டு இன்டர்வியூலயும் அனுபவம் இருக்கா எண்டு கேக்கக்க இல்லயெண்டு தலையாட்டினது நீங்கதான், அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

அதால சீவியில முதல் பக்கத்துல, படிப்புக்கும் மேல, இத எழுதுங்க. "மாமாட கடை" எண்டு எழுதவேணாம், கடைட பேரப் போட்டு, கணக்கு உதவியாளர் எண்டு போட்டு, எந்த மாசத்துல இருந்து எண்டு போடுங்க. அதுக்குக் கீழ நாலு வரி: எத்தின விவசாயிமார்ட கடன் கணக்குப் பாக்கிறீங்க, கொப்பியில கிடந்தத எக்செல்லுக்கு மாத்தினீங்களா, மாத்தினா அதால என்ன நடந்தது, ஒரு போகத்துல எவ்வளவு பெறுமதிக்குக் கடன் குடுத்து எவ்வளவு அறவிட்டீங்க, எத்தின கம்பனிக்குப் பணம் செலுத்துறத பாக்கிறீங்க. இலக்கம் இருக்கவேணும், உண்மையான இலக்கமா இருக்கவேணும், கூட்டி எழுதினா முதல் கேள்வியிலயே பிடிபட்டிருவீங்க. இன்னும் எக்செல்லுக்கு மாத்தல்ல எண்டா இண்டைக்கே தொடங்குங்க, இன்னொரு டிப்ளோமாவ விட அது உங்களுக்குப் பிரயோசனம். மாமாட்டச் சொல்லி ஒரு சேவைக் கடிதம் எடுங்க. ரெஃபரி எண்டு கோயில் தலைவர்ட பேரப் போடுறத விட்டிட்டு, உங்களப் படிப்பிச்ச ஒரு லெக்சரர், கடைட கணக்கப் பாக்கிற ஓடிட்டர், இவங்களிட்டக் கேட்டு அவங்கட பேரப் போடுங்க, கேக்காமப் போடவேணாம், நாங்க போன் பண்ணுவம்.

கோர்ஸ் விசயத்தையும் இதோடயே சொல்லிர்றன். வேல கிடைக்கல்ல எண்டா இன்னொரு டிப்ளோமா செய்வம் எண்டு போறது எங்கட பக்கத்துல பெரிய பழக்கமாப் போச்சு, டவுனில எந்தச் சுவரப் பாத்தாலும் டிப்ளோமா நோட்டீஸ். டிகிரிக்கு மேல மூண்டு டிப்ளோமா இருக்கிற சீவியப் பாத்தா எங்களுக்கு மதிப்புக் கூடுறதில்ல, இந்தப் பிள்ளைக்கு என்ன வேல செய்ய விருப்பம் எண்டு தெரியல்ல போல எண்டுதான் தோணும். படிக்கத்தான் வேணும் எண்டா முதல்ல நீங்க விரும்புற வேலையில இருக்கிற ரெண்டு பேரிட்டக் கேளுங்க, "இந்தச் செட்டிபிகட் இருந்ததால ஆரும் எடுத்தாங்களா" எண்டு. உங்களுக்கு என்னக் கேட்டா கதைக்கிற சிங்களம்தான் சொல்லுவன். அம்பாறை டவுன், பொலன்னறுவை, கொழும்புத் தலைமை அலுவலகம், எல்லாத்தோடயும் நாளாந்தம் கதைக்கவேணும், தமிழும் சிங்களமும் கதைக்கிற கணக்காளப் பிள்ளைக்கு இஞ்ச எப்பவும் கிராக்கி. டிகிரி இல்லாம மேசன், வயரிங், மோட்டார் மெக்கானிக் எண்டு கன வருசம் கைவேல செய்ற தம்பிமார் இத வாசிச்சா அவங்களுக்கும் ஒண்டு: திரும்பக் கோர்சுக்குப் போய்க் குந்தத் தேவயில்ல, செய்ற வேலய மதிப்பிட்டு என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தாற ஒரு முற இருக்கு, அதுக்கு ஆர்பிஎல் எண்டு பேர், நைற்றா, விரிஏ எண்ட அரசாங்கத் தொழில் பயிற்சி நிறுவனங்கள்ல கேட்டா சொல்லுவாங்க. நாட்டுக்குள்ளயும் வெளிநாட்டுக்கும் அது பேசும்.

சரி, ஆள் பிடிக்கிற கத. இதுல ஊர் சொல்றது பாதி உண்மை. தெரிஞ்ச ஆக்கள் மூலமாத்தான் கனபேருக்கு வேல கிடைக்குது, நான் மேல சொன்ன கல்முனைக் கிளைக் கதையப் பாருங்க, மெனேஜர் ஸ்டாபிட்டத்தானே கேட்டார். ஆனா அந்த ஆள் எம்பியும் இல்ல, எம்பிட இணைப்பாளரும் இல்ல. கவுண்டரில நிக்கிற ஒரு பிள்ள. "எங்களோட கெம்பசில படிச்ச ஒராள் களுவாஞ்சிக்குடியில இருக்கா சேர், கணக்கு நல்லாப் பாப்பா" எண்டு அந்தப் பிள்ள சொன்னாப் போதும். அப்பிடிச் சொல்ல அவவுக்கு உங்கட ஞாபகம் வரவேணும், நீங்க வேல தேடுறது தெரிஞ்சிருக்கவேணும், என்ன வேல செய்வீங்க எண்டும் தெரிஞ்சிருக்கவேணும். இப்ப உங்கட பெட்ச்ல எத்தின பேருக்கு நீங்க வேல தேடுறது தெரியும்? வெக்கத்துல ஒருத்தருக்கும் சொல்லாமத்தான் இருக்கிறீங்க எண்டு உங்கட கடிதத்துலயே தெரியுது.

இத ஆராய்ச்சி செய்தும் பாத்திருக்காங்க. மார்க் கிரனோவெட்டர் எண்டு அமெரிக்காவில ஒரு சமூகவியலாளர், 1970 அளவில பொஸ்டனுக்குப் பக்கத்துல ஒரு ஊரில புதுசா வேல மாறின உத்தியோகத்தர்மாரப் பிடிச்சு எப்பிடி இந்த வேல கிடைச்சதெண்டு கேட்டார். பாதிக்கு மேல ஆக்கள் தெரிஞ்சவங்க மூலமா எண்டாங்க. அந்தத் தெரிஞ்சவர எவ்வளவுக்குச் சந்திப்பீங்க எண்டு கேட்டா, அடிக்கடி சந்திக்கிறவர் எண்டு சொன்னது நூத்துக்கு 17 பேர் அளவிலதான், மிச்ச எல்லாரும் எப்பவாவது காணுற ஆள், இல்லாட்டி வருசத்துக்கு ஒருக்காவோ அதுக்கும் குறைவாவோ காணுற ஆள் எண்டாங்க. 2022லயும் லிங்க்ட்இன் எண்ட தொழில் தொடர்பு இணையத்தளத்துல 2 கோடிப் பேர்ட தரவ வெச்சு அஞ்சு வருச ஆய்வு ஒண்டு வந்தது, அதுலயும் நெருங்கின சிநேகிதர விட ஓரளவு பழக்கமான ஆக்களாலதான் வேல மாற்றம் கூட நடந்திருக்கு. யோசிச்சுப் பாத்தா ஞாயம்தான். அம்மா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா, இவங்களுக்குத் தெரிஞ்ச வேலையெல்லாம் உங்களுக்கும் ஏற்கனவே தெரியும். உங்களுக்குத் தெரியாத செய்தி உங்கட வட்டத்துக்கு வெளியில நிக்கிற ஆளிட்டத்தான் இருக்கும்.

எங்கட பக்கத்துல இது இன்னும் கூடப் பொருந்தும், ஏனெண்டா நாங்க ஊர் ஊரா, சமூகம் சமூகமாப் பிரிஞ்சு வாழுறம், தமிழ் ஊரில இருக்கிற செய்தி முஸ்லிம் ஊருக்குப் போறதில்ல, அங்க இருக்கிறது இஞ்ச வாறதில்ல, வாவிக்குக் கிழக்க எழுவான்கரையில ஒரு வேல வந்தா மேற்க படுவான்கரைக்குத் தெரிய மாசமாகும். காத்தான்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, இந்த ஊர்கள்ல கட, மில், மொத்த வியாபாரம், எக்கவுண்ட்ஸ் ஒபிஸ் எண்டு எவ்வளவு இருக்கு, அதுகள்ல கணக்குக்கு நம்பிக்கையான ஆள் தேடித் திரியிறாங்க, விளம்பரமே போடுறதில்ல. நீங்க மட்டக்களப்பு எண்டு மட்டும் தேடுறீங்க. களுவாஞ்சிக்குடியில இருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போறத விட கல்முனை எவ்வளவு கிட்ட, பெரியநீலாவணையோட வேற மாவட்டம் எண்டு கடதாசியில இருக்கிறதால அந்தப் பக்கம் நீங்க பாக்கவே இல்ல.

இனி ஆரிட்டக் கேக்கிறது. உங்களுக்கு ஆள் இல்லயெண்டு எழுதியிருக்கிறீங்க, நான் உங்கட கடிதத்துக்குள்ள இருந்தே எடுத்துத் தாறன். கடைக்கு மாசா மாசம் வாற பயிர் மருந்துக் கம்பனி ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி. மாமாட கணக்குப் போடுற ஓடிட்டர், அவர்ட ஒபிசில நிக்கிற பிள்ளைகள். மாமா காசு போடுற வங்கியில கடன் பகுதியில இருக்கிறவர். கெம்பசில உங்களுக்கு ஒரு வருசம், ரெண்டு வருசம் மூத்த ஆக்கள். உங்கட ரிசர்ச்சுக்கு சுப்பவைசரா இருந்த லெக்சரர். டிப்ளோமா வகுப்பில பக்கத்துல இருந்த, இப்ப எங்கயோ வேல செய்ற பிள்ள. ஒரு கொப்பியில எழுதினா இருவது பேர் வருவாங்க.

அவங்களிட்டப் போய் "வேல ஒண்டு பாத்துத் தாங்க" எண்டு கேக்கவேணாம். அப்பிடிக் கேட்டா பாவம் அவங்களுக்கும் சங்கடம், வேல குடுக்கிற அதிகாரம் அவங்களிட்ட இல்ல, "சரி பாப்பம்" எண்டு சொல்லிட்டு மறுகா உங்களக் கண்டா ஒளிச்சுத் திரிவாங்க. தகவல் கேளுங்க, ஆலோசனை கேளுங்க. ஆரிட்டயும் பத்து நிமிசம் ஆலோசனை கேட்டா மனுசர் சந்தோசமாச் சொல்லுவாங்க. அந்த ரெப்புக்கு இப்பிடி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா, நான் களுவாஞ்சிக்குடி உரக்கடையில கணக்குப் பாக்கிற பிள்ள, பில் சரிபாக்கக்க உங்களோட கதைச்சிருக்கன். கொமர்ஸ் டிகிரி முடிச்சிட்டு இப்ப கிரெடிட், எக்கவுண்ட்ஸ் பக்கம் வேல தேடுறன். உங்கட கம்பனியில அந்தப் பக்கம் இருக்கிறவங்க என்ன வேல செய்றாங்க, புதுசா ஆள் எடுக்கக்க என்னத்தப் பாக்கிறாங்க எண்டு கேட்டுத் தெரிஞ்சுகொள்ள விருப்பம். பத்து நிமிசம் போதும். எப்ப கோல் எடுத்தா உங்களுக்கு வசதி அண்ணா?"

இவ்வளவுதான். பெரிய தமிழும் வேணாம், பெரிய இங்கிலீசும் வேணாம். சீவிய முதல் மெசேஜோட அனுப்பாதீங்க, கதைச்சு முடிய அவரே கேப்பார். கதைக்கக்க கேளுங்க, இந்த வேலையில கஷ்டமான பகுதி எது, எந்த மாசத்துல ஆள் எடுக்கிறாங்க, என்னப்போல ஆளுக்கு எந்த இடம் சரிவரும். கடைசியா மறக்காம ஒரு கேள்வி: "இதப்பத்தி இன்னும் ஆரோட கதைச்சா நல்லம் அண்ணா?" அவர் ஒரு பேர் சொல்லுவார், அந்த ஆளிட்ட "இன்னார் உங்களோட கதைக்கச் சொன்னார்" எண்டு போகலாம். கதைச்ச அண்டைக்கு இரவே நன்றி எண்டு ஒரு வரி போடுங்க, மறுகா அவர் சொன்னத நீங்க செஞ்சாப் பிறகு "நீங்க சொன்ன மாதிரி செஞ்சன் அண்ணா" எண்டு இன்னொரு வரி. அந்த ரெண்டாவது வரியப் போடுற ஆக்கள் சரியான குறைவு, போடுறவங்கள நாங்க மறக்கிறதில்ல. கிழமைக்கு மூண்டு பேரோட கதைச்சாலே போதும். எல்லாரும் பதில் போடமாட்டாங்க, அதுக்கு மனசு விடவேணாம், ஒரு கிழம பாத்து ஒரே ஒரு தரம் ஞாபகப்படுத்திட்டு விட்டிருங்க.

விளம்பரமே இல்லாத இடத்துக்கும் போகலாம். உங்கட பக்கத்துல, கல்முனையில, அக்கரைப்பற்றில இருக்கிற பைனான்ஸ் கிள, அரிசி மில், உழவு மெசின் லீசிங் குடுக்கிற இடம், எக்கவுண்ட்ஸ் ஒபிஸ் எண்டு ஒரு லிஸ்ட் போடுங்க. ஒவ்வொண்டுக்கும் ஆர் பொறுப்பு எண்டு விசாரிச்சு அந்த ஆள்ட பேருக்கே கடிதம் குடுங்க. வெள்ளாம வெட்டுக் காலத்துல நெல்லு வாங்கிற இடங்களுக்குத் தற்காலிகமாவாவது கணக்குக்கு ஆள் தேவப்படும், அதுக்கு ஒரு மாசம் முந்திப் போய்க் கதைக்கவேணும். ஹொட்டல் பக்கம் தேடுற பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான், பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் சித்திரை வைகாசியில சீசன் தொடங்கும், தை மாசியிலயே போய் நிக்கிறவங்களுக்குத்தான் இடம். டிஎஸ் ஒபிசில மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், வேல தேடுற ஆளெண்டு பதிஞ்சு வைங்க. தொழில் சந்த வைக்கிற நாளையில சீவியப் பெட்டிக்குள்ள போட்டிட்டு வராம மேசையில இருக்கிறவரோட நிண்டு கதைச்சு அவர்ட பேரையும் நம்பரையும் வாங்கிட்டு வாங்க.

வெளிநாட்டப் பத்தி நீங்க கேக்கல்ல, எண்டாலும் மூண்டு லட்சம் கேட்டு ஒராள் வந்த வீட்டுக்கு அடுத்ததா டுபாய் கதையோட ஒராள் வருவார். விசிட் விசாவில போய் அங்க மாத்தலாம் எண்டு சொன்னா கதவச் சாத்துங்க. ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கா எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989க்கு எடுத்துக் கேக்கலாம்.

இன்டர்வியூவுக்கு ஒண்டே ஒண்டு சொல்றன். "உங்களப் பத்திச் சொல்லுங்க" எண்டு கேட்டா பேரும் ஊரும் அப்பாட தொழிலும் சொல்லாதீங்க, அதெல்லாம் எங்கட கையில இருக்கு. கடன் திரும்பி வராம நிண்ட ஒரு விவசாயிட கணக்க நீங்க எப்பிடிக் கையாண்டீங்க எண்டு ஒரு சம்பவத்தச் சொல்லுங்க, என்ன பிரச்சின, நீங்க என்ன செஞ்சீங்க, முடிவு என்ன. இங்கிலீஷ்ல சொல்லி ஒத்திகை பாருங்க, போனில ரெக்கோர்ட் பண்ணித் திரும்பக் கேளுங்க. தடக்கினாலும் பரவால்ல, சொல்றதுக்கு ஒரு விசயம் இருக்கிற ஆள்ட இங்கிலீஷ் பிழய நாங்க பெரிசா எடுக்கிறதில்ல. முடிஞ்சு ஒரு கிழமையில பதில் வரல்ல எண்டா எடுத்துக் கேளுங்க, அது மானக்கேடு இல்ல, சில நேரம் எங்கட பக்கத்துலதான் பைல் இழுபடும்.

வேல தாறம் எண்டு சொன்னா உடன தலையாட்டவும் வேணாம். சம்பளம் எவ்வளவு, அதுல அடிப்படை எவ்வளவு, நிரந்தரமாக்க எவ்வளவு காலம் எடுப்பாங்க, எத்தின மணிக்கு விடுவாங்க, மாச முடிவில கணக்கு மூடுற நாளையில எத்தின மணி, கடைசி பஸ் போனாப் பிறகு விட்டா வீட்ட கொண்டுவந்து விடுவாங்களா, வெளிக்களத்துக்குத் தனிய அனுப்புவாங்களா. அம்மாட பயம் பாதி இந்தக் கேள்விகள்லதான் இருக்கு, பதில எழுத்தில வாங்கி அவவுக்குக் காட்டுங்க. ஈபிஎப் எண்ட ஊழியர் சேமலாப நிதி கட்டுவாங்களா எண்டு கட்டாயம் கேளுங்க: உங்கட சம்பளத்துல 8 வீதம் கழிப்பாங்க, அவங்க 12 வீதம் போடவேணும், ஈடிஎப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவங்க மேலதிகமாக் கட்டவேணும். தனியார் வேலையில ஒண்டும் மிஞ்சாதெண்டு அம்மா நினைச்சா இந்தக் கணக்க நீங்களே போட்டுக் காட்டுங்க, பத்து வருசத்துக்கு எவ்வளவு வருதெண்டு. சின்னக் கம்பனிகள் சிலது "முதல் ஆறு மாசம் ஈபிஎப் இல்ல" எண்டு சொல்லும், அது சட்டம் இல்ல, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளையில இருந்து கட்டவேணும்.

இந்தக் கிழமைக்கு மூண்டு வேல. கடை அனுபவத்த சீவிட மேல ஏத்துங்க, அந்த ரெப்புக்கு மெசேஜ் போடுங்க, கெம்பசில மூத்த ஆக்கள் எங்க வேல செய்றாங்க எண்டு ஒரு லிஸ்ட் எடுங்க. சீவிய எழுதி முடிச்சா எனக்கு அனுப்புங்க தங்கச்சி, நான் கோடு போட்டுத் திருத்தித் தாறன்.